அரைத் திருகு

நுரையீரல் காய்கிறது என்று மதுரையில் சொன்ன மாதமே
பத்திரம் எழுதக் கிளம்பிவிட்டீர்கள்.
மூஞ்சிக்கல் டைப்பிங் சென்டரில்
'செயற்கை சுவாசம் வேண்டாம்' என்பதை
'செயற்கை வாசம் வேண்டாம்' என்று அடித்தாள் அந்தப் பெண்.
அதுவும் வேண்டாம்தான் என்று சிரித்தீர்கள்.
மே மாதம். சீசன் கூட்டம்.
திருத்தி முடிப்பதற்குள் இரண்டு டீ.
மூச்சு அப்போது கையில் நிறைய இருந்தது.

மூக்கில் குழாய் வேண்டாம்,
தொண்டையில் குழாய் வேண்டாம்.
முப்பத்தொரு வருஷம் ஊருக்கே குழாய் திறந்துவிட்டவன் சார்,
எனக்கு ஒண்ணும் வேண்டாம் என்றீர்கள்.
நோட்டரி சிரிக்கவில்லை. முத்திரை குத்தினார்.

சாட்சி அருளப்பன். சாட்சி கந்தவேல்.
'என் சார்பில் பேச வேண்டியவர்' என்ற இடத்தில்
என் பெயர்.
நாற்பது வருஷத்தில் உங்கள் சார்பில் நான் பேசியது
பால் பாக்கியைப் பற்றி மட்டும்.

மார்கழிக் கடைசி. வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார்
இன்னும் கழற்றவில்லை.
இரவு இரண்டேகால்.
நான்காவது பத்தி சொல்கிறது:
'என் வீட்டிலேயே இருக்க விரும்புகிறேன்.'
நீங்கள் சொன்னீர்கள்:
'வண்டியக் கூப்பிடு.'

பத்திரத்தில் இருந்தவர்
அயர்ன் செய்த சட்டை போட்டிருந்தார்.
கட்டிலில் இருந்தவருக்கு உதடு நீலம்.
இருவருக்கும் ஒரே கையெழுத்து.

பெருமாள்மலை தாண்டும்போது காது அடைத்தது.
ஆம்புலன்ஸ் பையன் முகமூடியை வைத்தான்.
தள்ளிவிடுவீர்கள் என்று பார்த்தேன்.
ஆனந்தகிரி வால்வுச் சக்கரத்தைப் பிடிப்பதுபோல
இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டீர்கள்.
'ஏதாச்சும் பேப்பர் இருக்காம்மா?'
பிளாஸ்டிக் கவர் என் இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது.
'இல்ல தம்பி.'
டம்டம் பாறை வளைவில் மறுபடி கேட்டான்.
இல்லை.
தேவதானப்பட்டியில் ஏதோ சேவல் கூவியது.
எத்தனையாவது தடவை என்று
நான் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

நான்காம் நாள்தான் எடுத்துக் கொடுத்தேன்.
தேனி டாக்டர் நின்றுகொண்டே படித்தார்.
'பிழைக்க வாய்ப்பே இல்லையென்றால், னு எழுதியிருக்காரு.
இவருக்கு இருபதுல ஒரு பங்கு இருக்கே.'
அந்த 'ஏ'யை யார் போட்டது?
நீங்களா, டைப்பிங் பெண்ணா?
இருபதில் ஒன்று என்பது வாய்ப்பா,
வாய்ப்பேவா?
எட்டாவது படித்தவள் நான்.

போனில் ரெஜினா,
'அப்பா எழுதினதப் படிம்மா' என்றாள்.
திருப்பூரிலிருந்து வந்து உங்கள் கையைப் பிடித்ததும்
'இன்னும் ரெண்டு நாள் பாப்பமே' என்றாள்.
இரண்டு நாள் மூன்றாயிற்று, ஐந்தாயிற்று.
இருபதில் அந்த ஒன்றும் தீர்ந்தது.

உங்கள் ஐந்து பத்தியிலும் இல்லாத ஒன்று
எனக்குத் தெரியும்.
செண்பகனூர் லைனை மூடும்போது சொல்வீர்கள்:
'ஒரேயடியா மூடக் கூடாது.
தண்ணி திரும்பி அடிக்கும்,
எங்கேயோ ஒரு வீட்ல பைப்பு வெடிக்கும்.
அரைத் திருகு. நில்லு. அடங்கட்டும்.
இன்னொரு அரைத் திருகு.'
ஒன்பதாம் நாள் இதைச் சொன்னேன்.
டாக்டருக்கு விளங்கவில்லை.
பண்ணைக்காட்டு நர்ஸ் ஒருத்தி
வலிக்கு ஊசி போட்டுவிட்டு
ஆக்சிஜன் குமிழில் விரல் வைத்தாள்.
திருகினாள். நின்றாள்.
என் முகத்தைப் பார்த்தாள்.
இன்னொன்று.

இப்போது தண்ணீர் திறப்பது புதுப் பையன்.
அவசரக்காரன். குழாய் இருமுகிறது.

நீங்களும் எழுதிடுங்கம்மா என்கிறாள் ரெஜினா.
உங்கள் பத்திரத்தின் பின்பக்கம் காலியாகத்தான் இருந்தது.
ஒரு வரி எழுதினேன்:
'நான் முன்னால் என்ன சொல்லியிருந்தாலும்
அந்த நேரத்தில் என் கையைப் பார்.'
அதையும் அடித்துவிட்டேன்.
கை வெறுமனே
பயந்திருக்கலாம்.